சுவரைப் பார்த்த விளக்கு

முப்பிடாதியம்மாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஸ்டுடியோவின் மாடிப்படி ஏறி வந்தபோது நான் ஒரு தாசில்தாரின் மூக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நெகட்டிவைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் பரு, அம்மைத் தழும்பு, சுருக்கம் எல்லாவற்றையும் மூடுவது என் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதைத்தான் செய்கிறேன். தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் அந்த அறுபத்தொன்றாம் வருஷம் கல்யாணத்துக்கு நின்ற பெண்களில் முக்கால்வாசிப் பேருடைய முகப்பரு என் கையால் மறைந்ததுதான். ஆனால் கேமராவைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. வருகிற பெண்களுக்குத் தலை சீவிவிடலாம், பவுடர் போட்டுவிடலாம், முந்தானையை இழுத்துச் சரிசெய்யலாம். அதற்குமேல் எல்லாம் அத்தான் ராஜ்யம்.

அத்தான் என்றால் என் வீட்டுக்காரர் வல்லிநாயகம். மாமன் மகன். சாரல் விழுந்துவிட்டால் அவருக்கு ஸ்டுடியோ மறந்துவிடும். சின்னக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடிந்ததும் குற்றாலத்துக்குப் போய்விடுவார். அருவியில் குளித்துவிட்டுத் தலை சொட்டச் சொட்ட நிற்கிற மதுரைக்காரர்களையும் கோயில்பட்டிக்காரர்களையும் படம் பிடித்துவிட்டு, சாயங்காலம் நனைந்த கோழியாக வந்து சேருவார். அன்றைக்கும் அப்படித்தான் போயிருந்தார். “யாராச்சும் வந்தா சாயங்காலம் வரச் சொல்லுட்டி” என்பது உத்தரவு.

“போட்டோக்காரரு இல்லையா?” என்று கேட்டாள் முப்பிடாதியம்மாள். சுந்தரபாண்டியபுரத்துக்காரி. வெற்றிலைச் சாறு கடைவாயில் காய்ந்திருந்தது. பின்னால் மகள் தலைகுனிந்து நின்றாள்.

“குத்தாலம் போயிருக்காங்கம்மா. சாயங்காலம் வாங்களேன்.”

“சாயங்காலமா? எங்க ஊரு பஸ்ஸு போயிருமே தாயி. நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் படம் கையில இருக்கணும்லா.”

மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். பண்பொழியில் ஒரு மாப்பிள்ளை. பெயர் சொரிமுத்து. பட்டாளத்தில் இருக்கிறான். அவனுடைய பட்டாளத்தை வடக்கே எங்கேயோ இடம் மாற்றுகிறார்கள். போகிற வழியில் ரயில் மெட்ராஸில் கொஞ்ச நேரம் நிற்குமாம். மாப்பிள்ளையின் அண்ணன் மாடன் நாளை மத்தியான ரயிலில் மெட்ராஸ் போய், ஸ்டேஷனிலேயே தம்பியைப் பார்த்துப் பெண்ணின் படத்தைக் காட்டிச் சம்மதம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ரயிலுக்குப் போகிற வழியில் அவரே ஸ்டுடியோவுக்கு வந்து படத்தை வாங்கிக்கொள்வார். “இத விட்டா அந்தப் பையன் மறுபடி லீவுல வார வருசம் எந்த வருசமோ. அதுக்குள்ள வேற எடத்துல பேசிருவாவ” என்றாள்.

“நான் எடுக்கேன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து விழுந்ததை எடுத்து உள்ளே போட எனக்கு மனசில்லை.

“நீயா? நீ எடுத்து விளங்குமா?”

“அவங்களுக்கு லைட்டு போட்டுக் குடுக்கது நாந்தாம்மா” என்று பாதி உண்மையைச் சொன்னேன். சுவிட்சு போடுவது நான்தான். அப்போது அந்தப் பெண் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் பெயர் வடிவம்மாள், வீட்டில் வடிவு. இருபத்துமூன்று வயது இருக்கும். சுந்தரபாண்டியபுரத்தில் பெண்பிள்ளைகளுக்கு ரவிக்கை தைக்கிறவள் என்று அவள் அம்மா சொன்னாள்.

எங்கள் ஸ்டுடியோவுக்கு அத்தான் வைத்த பெயரை யாரும் சொல்வதில்லை. ஊருக்குள் அது மூணு லைட்டு ஸ்டுடியோ. மதுரையிலிருந்து பெரிய பல்புகள் வாங்கி வந்து, தகரக்கடை ஆதம் பாயிடம் சொல்லி மூன்றுக்கும் அகலமான தகரத் தொப்பி செய்து, கால் வைத்து நிறுத்தியிருந்தார் அத்தான். மூன்றையும் போட்டால் அறைக்குள் சித்திரை வெயில் அடிக்கும். மேற்கே மலையைப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு எந்நேரமும் கறுப்புத் துணி. ஜன்னல் வெளிச்சத்தில் எவனும் எடுப்பான், அதுக்கு ஸ்டுடியோ எதுக்கு என்பது அவருடைய கட்சி. வருகிறவர்களுக்கும் அந்தக் கட்சிதான். கண் கூசி, வேர்த்து, இறங்கிப் போகும்போதுதான் அவர்களுக்குப் படம் எடுத்துக்கொண்ட திருப்தி வரும்.

நான் மூன்றையும் போட்டேன். வடிவு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் துணியில் வரைந்த அருவி, அருவிக்குக் கீழே ஒரு அன்னம். பெரிய கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். அப்பப்பா! இத்தனை வருஷத்தில் அந்தத் துணிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. பால்கண்ணாடியில் வடிவு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். அன்னமும் தலைகீழாக நீந்தியது. எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. கேசட் என்கிற தட்டைப் பெட்டியில் அத்தான் போட்டு வைத்திருந்த பிலிம் இரண்டே இரண்டு. மேலும் போட எனக்குத் தெரியாது.

முகத்தைக் கூர்ந்து பார்த்தபோதுதான் சங்கடம் புரிந்தது. தாயும் மகளும் காலையில் ஐந்தருவிக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலும் சரி, போட்டோ என்றாலும் சரி, எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். அருவித் தண்ணீர் பட்டால் முகம் தெளியுமாம். அருவி எண்ணெயை எடுத்துவிடும் என்று நினைப்பு, அது பாதியைத்தான் எடுக்கும். மிச்ச எண்ணெயின் மேல் முப்பிடாதியம்மாள் பவுடரை அப்பியிருந்தாள். மூன்று விளக்கிலும் அந்த முகம் திருநீறு பூசிய வெண்கலப் பானையாக மின்னியது. வெளிச்சம் தாங்காமல் கண் இடுங்கி நீர் கோத்தது.

“இன்னும் வெளுப்பாத் தெரியணும் தாயி” என்று சொல்லிக்கொண்டே முப்பிடாதியம்மாள் தானே ஒரு விளக்கை மகள் பக்கம் தள்ளிவைத்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். “கண்ணத் தொறடி, குருடின்னு நெனைச்சிருவாவ!”

லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, மூடியைப் போட்டேன். ஒரு பிலிம் போயிற்று. அது எப்படி வந்திருக்கும் என்று எனக்குக் கழுவாமலே தெரியும். நான் தினமும் பென்சிலால் திருத்துகிற அதே முகம்தான். எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுத்த பெண்கள் எல்லோரும் அக்கா தங்கைகள் போல இருப்பார்கள், யார் வீட்டுப் பெண் என்று கவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

“தலைல பூ இல்லாம மொட்டையா இருக்கு. பூ வச்சு இன்னொண்ணு எடு. நான் பிச்சிப்பூ வாங்கிட்டு வாரேன்” என்று முப்பிடாதியம்மாள் கீழே இறங்கினாள். நான் விளக்குகளை அணைத்தேன். இருட்டில் கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

“அக்கா” என்றாள் வடிவு. “இப்ப எடுத்தீங்களே, அத அனுப்பாதீங்க.”

“ஏம்மா?”

போன ஆவணியில் ஆலங்குளத்திலிருந்து ஒரு இடம் வந்ததாம். அதற்கு முந்தியே வேறொரு ஸ்டுடியோவில் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய்த்தான் ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். வடிவு காப்பித் தட்டோடு போய் நின்றபோது, மாப்பிள்ளையின் தாய் மடியிலிருந்து படத்தை எடுத்து அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கேலியாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டாள்: படத்துல இருக்க பிள்ளையக் கூப்பிடுங்க.

“நான் ஒத்தப் பிள்ளைக்கா. யாரக் கூப்பிட? தட்டக் கீழ வைக்கவும் தெரியாம நின்னேன்” என்றாள். அழவில்லை. விரலால் நாற்காலிக் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். “வேண்டாம்னு சொல்லட்டும். அது அவுக இஷ்டம். ஆனா என்னையப் பாத்துட்டுச் சொல்லட்டும். வேற யாரையோ பாத்துச் சரின்னுட்டு, பெறவு என்னையப் பாத்து முழிக்கக் கூடாது.”

ஏன் என்று தெரியாமல் எனக்கு ஒரு வேகம் வந்தது. ஜன்னலிடம் போய் அத்தானின் கறுப்புத் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். ஆணியோடு வந்துவிட்டது. கதவுகளைத் தள்ளித் திறந்தேன். மலையை மேகம் மூடியிருந்தது. எங்கள் தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு மேலே சாரல் சாய்வாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் எந்த அவசரமும் இல்லாமல் உள்ளே வந்தது.

“பின்னால குழாய் இருக்கு. பயத்தமாவு டப்பாவும் அங்கனதான் இருக்கு. மூஞ்சிய நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வா” என்றேன்.

“அம்மை திட்டும்.”

“திட்டட்டும். ஓடு.”

கழுவித் துடைத்துவிட்டு வந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். கருப்புத்தான். நல்ல கருப்பு. ஆனால் விளக்கில் காணாமல் போன கன்ன எலும்பு திரும்ப வந்திருந்தது. புருவத்துக்குக் கீழே சின்னப் பள்ளம், மேலுதட்டுக்கு மேலே ஒரு மச்சம், கழுத்தில் ஒரு நரம்பு. கண் இடுங்காமல் அகலமாகத் திறந்திருந்தது. கேமராத் துணிக்குள் புகுந்து பார்த்தேன். தலைகீழாக இருந்தாலும் அது ஒரு ஆள். அழகி என்று சொல்ல வரவில்லை. யாரென்று கேட்கத் தோன்றும், அப்படி ஒரு முகம்.

ஆனால் ஜன்னல் பக்கத்துக் கன்னம்தான் அப்படி. மறுபக்கம் கிணறு. வலது கண் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

“வடிவு, ஒரு பக்கந்தான் தெரியுது. இப்படியே அனுப்புனா, மத்தக் கண்ணு மாறுகண்ணு, அதான் மறைக்காவன்னு சொல்லிருவாவ.”

அவள் குபீரென்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தால் ஆயிற்றா? அவளைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாகத் திருப்பினேன். மூக்கு வெளுத்து முகம் தட்டையாகிவிட்டது. நிலைக்கண்ணாடியைத் தூக்கி வந்து வெளிச்சத்தைத் திருப்பி அடித்தேன். வலது கன்னத்தில் சதுரமாக ஒரு வெள்ளைக் கட்டம் விழுந்தது. கொடியில் கிடந்த அத்தானின் வேட்டியை எடுத்து அந்தப் பக்கம் விரித்துப் பிடிக்கச் சொன்னேன். பிடிக்க ஆள் யார்? அவளேதான் பிடிக்க வேண்டும். ஜன்னலில் வந்த காற்று வேட்டியைத் தூக்கி அவள் தலையில் போர்த்தியது. அவள் வேட்டிக்குள்ளிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. கையில் இருப்பது ஒரே பிலிம். வழி பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது, கைக்கு மட்டும் அகப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து முப்பிடாதியம்மாள் பூவோடு வந்து நின்றாள்.

“இது என்ன கூத்து? பவுடரு எங்க? சன்னலத் தொறந்து வச்சு எடுக்கதுக்கு எங்க வீட்டுத் தொழுவத்துலயே எடுத்திருப்பேனே! மூணு லைட்டுன்னுதான இங்கன வந்தோம். லைட்டப் போடும்மா.”

“இந்த வெளிச்சம் நல்லாருக்கும்மா.”

“லைட்டு எரியாம படம் எப்படி விழும்? என்னைய என்ன ஒண்ணுந் தெரியாதவன்னு நெனைச்சியா? போடு லைட்ட!”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த அம்மாளிடம் பேசி மாளாது. லைட்டு எரிய வேண்டும், அவ்வளவுதானே? வலதுபக்கம் நின்ற விளக்கின் தகரத் தொப்பியைப் பிடித்து முழுக்கத் திருப்பி, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரைப் பார்க்க வைத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

“போட்டாச்சு. போதுமா?”

சொல்லிவிட்டுத் திரும்பினேன். வடிவின் வலது கன்னம் விழித்துக்கொண்டிருந்தது.

கிணறாகக் கிடந்த இடத்தில் கண் இருந்தது. கண்ணுக்குள் ஒரு சின்ன ஒளிப் பொட்டு. கன்னத்தில் இருட்டு இருந்தது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிற இருட்டு. விளக்கு அவளை அடிக்கவில்லை. சுவரில் பட்டு, சுவர் முழுவதும் பரவி, சுவர்தான் அவளுக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. “அசையாத, அசையாத” என்று கத்திக்கொண்டே போய் விளக்கைச் சுவருக்குப் பக்கமாக இழுத்தேன், வெளிச்சம் குறுகிப்போயிற்று. பின்னுக்குத் தள்ளினேன், அகன்றது. இன்னும் கொஞ்சம். ஜன்னல் பக்கம் தூக்கலாகவும் சுவர்ப் பக்கம் அதற்கு ஒரு படி குறைவாகவும் வருகிற இடத்தில் நிறுத்தினேன். ஓடிப்போய்த் துணிக்குள் பார்த்தேன். வெளியே வந்து நேரில் பார்த்தேன். மறுபடி உள்ளே போனேன். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று முப்பிடாதியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னமும் அருவியும் வரைந்த துணியையும் சுருட்டி மேலே ஏற்றிவிட்டேன். வெறும் சுவர் போதும்.

“ஏம்மா, எம்மவ இங்கன இருக்கா. அந்த லைட்டு யாருக்கு எரியுது? சொவத்துக்கா மாப்பிள பாக்கோம்?”

வடிவால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் மூடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சிரிப்பு அடங்கி, ஆனால் கண்ணை விட்டு இன்னும் போகாமல் இருந்த நேரம் ஒன்று வந்தது. “மூச்ச அப்படியே வச்சுக்கோ” என்று சொல்லி மூடியைக் கழற்றினேன்.

போகும்போது முப்பிடாதியம்மாள் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். “மொதல்ல மூணு லைட்டு போட்டு எடுத்தியே, அதத்தான் அவருகிட்ட குடுக்கணும். ரெண்டாவது இருட்டடிச்சுத்தான் இருக்கும். நாங்களும் பத்து மணிக்குள்ள வந்துருவோம்.” வடிவு படியில் பாதி இறங்கியதும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு போய்விட்டாள்.

சாயங்காலம் அத்தான் வந்ததும் முதலில் பார்த்தது ஜன்னலைத்தான்.

“ஏட்டி குழலு, துணியக் கழட்டுனது யாரு?”

என் முழுப்பெயர் குழல்வாய்மொழி. கோபம் என்றால் முழுப்பெயர், பாதிக் கோபம் என்றால் குழலு. பாதிக் கோபம்தான் என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

“நாந்தான்.”

“லைட்டு ஏன் சொவத்தப் பாத்து நிக்கு? அது என்ன தப்பு செஞ்சுது?”

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டினார். பிலிமைத் தொட்டதற்குத் திட்டினார், துணியின் ஆணியைப் பிடுங்கியதற்குத் திட்டினார். ஆனால் தலையைக்கூடத் துவட்டாமல் கேசட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். நெகட்டிவ்கள் கழுவிக் காய்ந்ததும் சிவப்பு விளக்கில் முதல் தாளை மருந்தில் முக்கினார். வெள்ளை வெளேரென்று ஒரு முகம் வந்தது. “பரவால்லியே. நான் எடுத்தாப்லயே எடுத்துருக்க” என்றார். அவரைப் பொறுத்தவரை அதற்குமேல் பாராட்டு இல்லை.

இரண்டாவது தாளை நானே முக்கினேன். முதலில் முடி வந்தது. பிறகு இரண்டு கண்களும் ஒன்றாக வந்தன. கன்னம், மச்சம், சிரிப்பை விழுங்கிய உதடு என்று ஒவ்வொன்றாக ஏறி வந்து நிலைத்தபோது நான் அத்தான் கையைக் கிள்ளியிருக்கிறேன். அவர் கையை உதறக்கூட இல்லை.

“கருப்பா இருக்கு” என்றார்.

“பிள்ளை கருப்பு.”

படங்களைக் கொடியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பாட்டுக்கு நடுவே ஈரம் காய்ந்ததா என்று பார்க்கப் போனார். மோர் ஊற்றிக்கொண்டதும் இன்னொரு தடவை போனார். கை கழுவும்போது, யாரோ மூன்றாம் மனிதரிடம் விசாரிப்பது போல, “அந்த லைட்டு சொவத்துலேருந்து எம்புட்டுத் தள்ளி நின்னுது?” என்றார்.

ஆனால் எதைக் கொடுப்பது என்று வந்தபோது அவர் கறாராகச் சொல்லிவிட்டார். “அந்தம்மா எதக் கேட்டாவளோ அதக் குடு. நமக்கெதுக்கு ஊர் வம்பு? நாளைக்குக் கல்யாணம் நின்னுபோச்சுன்னா நம்ம தலையத்தான் உருட்டுவாவ.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது.

மறுநாள் காலையில் சாரல் மழையாகவே மாறிவிட்டது. அத்தான் மழையைச் சாக்காகச் சொல்லிக் குற்றாலத்துக்குப் போகவில்லை. ஒன்பதரை மணிக்கே படியில் கனமான செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர் மாடன். ஆள் வாட்டசாட்டம், பெரிய மீசை, கையில் ஏதோ ஒரு பழைய குடை. மலைக்கு அந்தப் பக்கம், மலையாளம் பேசுகிற புனலூரில் மரக்கடை வைத்திருக்கிறாராம். குடையை மூலையில் சாய்த்தார், அதைச் சுற்றிக் குளம் கட்டியது.

“படம் ரெடியா? ஸ்டேஷனுக்குப் போகணும்” என்றார்.

“அவங்களும் வாரேன்னாங்க...” என்று இழுத்தேன்.

“பஸ்ஸு எங்க வரும் இந்த மழைல? குடுங்கம்மா, நான் போறேன்.”

இரண்டு கவர்கள் மேசை இழுப்பறைக்குள் இருந்தன. அத்தான் கண்ணாலேயே இடதுபக்கத்துக் கவரைக் காட்டினார். அதில்தான் வெள்ளை முகம் இருந்தது. அதைக் கொடுத்தால் முப்பிடாதியம்மாளுக்கு நான் சொன்ன சொல் நிற்கும். மற்றதைக் கொடுத்தால் வடிவு கேட்டது நடக்கும். அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் கையை விட நான் யார்? யோசித்து யோசித்து ஒன்றும் ஓடாமல், இரண்டு படங்களையும் கவரிலிருந்து உருவி அவர் முன்னால் மேசைமேல் வைத்துவிட்டேன். அத்தான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மாடன் குனிந்து பார்த்தார். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். மீசையை நீவினார்.

“ரெண்டு பிள்ளைகளா? ஒரே பிள்ளைன்னுல்லா சொன்னாவ. இதுல எது பொண்ணு?”

அத்தான் இருமினார். “ஒரே பிள்ளைதான் அண்ணாச்சி” என்றேன்.

“ஒரே பிள்ளையா? இதும் அதும் ஒண்ணா?” என்று அவர் நிமிர்ந்தபோது படியில் வேகமாக யாரோ ஏறி வருகிற சத்தம். வடிவு வந்தாள். அம்மாவை முந்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பூ இல்லை, பவுடர் இல்லை, நனைந்த முந்தானையை இழுத்து மூடியிருந்தாள். அறைக்குள் தெரியாத ஆம்பிளை நிற்பதைப் பார்த்ததும் வாசல்படியிலேயே சட்டென்று நின்றுவிட்டாள். துணியில்லாத ஜன்னலிலிருந்து மழை வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது.

மாடன் அவளைப் பார்த்தார். படத்தைத் திரும்பப் பார்க்கவில்லை.

“நீ முப்பிடாதியம்மா மவதான?” என்றார்.

வடிவு தலையை ஆட்டினாள். அவர் யாரென்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. ஓடி ஒளிவாள் என்று நினைத்தேன். ஒளியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்று மெல்லக் கேட்டாள்.

“இந்தா இருக்கியே” என்று மாடன் மேசையிலிருந்து என் படத்தை எடுத்தார். தூரத்தில் பிடித்து ஒருமுறை பார்த்தார். “கொள்ளாம்” என்றார். புனலூர்ப் பேச்சில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

முப்பிடாதியம்மாள் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தாள். அவர் கையில் இருந்த படத்தைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. “அய்யோ, அது இல்ல அண்ணாச்சி. மத்தது. அந்தா, அதுல்லா நல்ல படம்.”

“அது யாருன்னே தெரியலியேம்மா” என்றார் மாடன். வேண்டுமென்று சொல்லவில்லை, தெரியாததைத் தெரியவில்லை என்றார். “எந்தம்பி என்ன சொல்லுவானோ, அது அவம்பாடு. நான் இந்தப் பிள்ளையக் காட்டிட்டு வாரேன்.” படத்தைக் கவரில் போட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி உள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்கினார்.

முப்பிடாதியம்மாள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மேசையில் கிடந்த வெள்ளைப் படத்தை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப்பிடித்து, மறுபடி பக்கத்தில் கொண்டுவந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

வடிவு ஜன்னலுக்கு ஓடினாள், நானும் ஓடினேன். சாரல் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். என்ன ஆகுமோ என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கீழே மாடன் தெருவில் இறங்கி ஸ்டேஷன் பக்கமாக வேகமாக நடந்தார். குடை விரித்துத்தான் இருந்தது. ஆனால் தலையும் தோளும் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தன. குடையை முன்னால் சாய்த்து, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போனார்.